கடிதம் வராத மீளழைப்பு: உங்கள் ஜீப்பின் சேசி இலக்கத்தைத் தேடிப் பாருங்கள்

சின்னமாமாவின் ஜீப்பில் பிரேக் மிதி சில நேரங்களில் மரக்கட்டைபோல இறுகிவிடும். எப்போதும் அல்ல. மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் வீதியில் திரும்பி, மாடுகள் குறுக்கே நிற்கும் இடங்களில் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் போகும்போது, நாலைந்து தடவை மிதித்த பிறகு ஒரு தடவை கால் கீழே இறங்காது. அடுத்த முறை மிதித்தால் சரியாக இருக்கும். கராஜில் காட்டினார். பிரேக் பட்டைகளை மாற்றினார்கள். மூன்று மாதம் கழித்துப் பிரேக் எண்ணெயையும் மாற்றினார்கள். இறுக்கம் போகவில்லை. "பழைய வாகனம் என்றால் இப்படித்தான் தம்பி" என்று சொல்லி அவரும் அதற்குப் பழகிவிட்டார்.

பழகவே கூடாத ஒன்றுக்கு அவர் பழகியிருந்தார். அந்த வாகனத்தின் அதே பிரேக் பகுதிக்காக, அதைச் செய்த நிறுவனம் சில வருடங்களுக்கு முன்னரே மீளழைப்பு அறிவித்திருந்தது. பழுதான பகுதியை இலவசமாக மாற்றித் தருவதாகவும் சொல்லியிருந்தது. அறிவிப்பு ஜப்பானில் இருந்தது. வாகனம் புதுக்குடியிருப்பில் இருந்தது. இரண்டையும் இணைப்பதற்கு யாரும் இல்லை.

வன்னியில் இன்று சிறிய ஜீப் வைத்திருப்பவர்கள் பலர். காரைவிடச் சற்று உயரமாக, ஐந்து பேர் அமரக்கூடியதாக, கிரவல் ஒழுங்கையிலும் அடி தட்டாமல் போகக்கூடியதாக இருக்கும் வாகனத்தைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம். வயலுக்கும் போகலாம், ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்துக்கும் போகலாம். அவற்றில் பெரும்பாலானவை இங்கே புதிதாக வாங்கியவை அல்ல. ஜப்பானில் சில வருடம் ஓடி, ஏலத்தில் போய், கப்பலில் வந்து, தெற்கில் ஒருவரிடமோ இருவரிடமோ இருந்து, பிறகு இங்கே வந்தவை. இத்தனை கை மாறும்போது திறப்பு வரும், புத்தகம் வரும், உதிரிச் சில்லு வரும். மீளழைப்புச் செய்தி மட்டும் வராது.

மீளழைப்பு என்பது என்ன

ரீகோல் என்று வாகன வியாபாரிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வாகனம் விற்கப்பட்ட பிறகு, அதன் வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ உயிருக்கு ஆபத்தான குறை இருப்பது தெரியவந்தால், அந்தக் குறையுள்ள அத்தனை வாகனங்களையும் கூப்பிட்டுத் தம் செலவில் திருத்திக் கொடுப்பது தயாரிப்பாளரின் கடமை. அதுதான் மீளழைப்பு. வாகனத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு காசைத் தருவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பது மிக அரிது. பெரும்பாலும் ஒரு பகுதியை மாற்றுவார்கள், அல்லது வாகனத்தின் கணினியில் உள்ள மென்பொருளைப் புதுப்பிப்பார்கள். ஒரு மணி நேர வேலையாகவும் இருக்கலாம், முழு நாள் வேலையாகவும் இருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, குறை உங்கள் ஒரு வாகனத்தில் மட்டும் இருந்தால் அது மீளழைப்பு ஆகாது. பிரேக் பட்டை தேய்ந்து போவது வழக்கமான தேய்மானம். அதை மாற்றுவது உங்கள் செலவு. ஆனால் ஒரு தொழிற்சாலையில் குறிப்பிட்ட சில மாதங்களில் செய்த பட்டைகளில் பசை சரியாக ஒட்டாமல், ஓடும்போது பட்டை கழன்று விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதங்களில் செய்த வாகனங்கள் எல்லாவற்றிலும் அதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. இன்று நன்றாக ஓடுகின்ற வாகனத்திலும் இருக்கிறது. இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். "என்னுடையதில் ஒரு கோளாறும் இல்லையே" என்பது மீளழைப்பு தேவையில்லை என்பதற்குக் காரணம் அல்ல. கோளாறு வெளியே தெரிவதற்கு முன் திருத்துவதற்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இதற்கான சட்டம் 1966 இல் வந்தது. ஜப்பானில் இந்த முறை 1969 இல் தொடங்கியது. இந்தியாவில் 2012 இல் தயாரிப்பாளர்கள் தாமாகவே ஓர் ஒழுங்குமுறையை ஏற்றுக்கொண்டார்கள். 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, மீளழைக்கும்படி கட்டளையிடும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது.

நமது வாகனங்களில் பெரும்பகுதி ஜப்பானில் இருந்து வருவதால் அங்குள்ள ஒரு பாகுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அங்கே மூன்று படிகள் உண்டு. சட்டம் வகுத்த பாதுகாப்புத் தரத்துக்கு வாகனம் பொருந்தவில்லை, அல்லது பொருந்தாமல் போகக்கூடும் என்றால் அது மீளழைப்பு. தரத்தில் நேரடியாகச் சொல்லப்படாத பகுதி, ஆனாலும் பாதுகாப்புக்காகக் கவனிக்காமல் விட முடியாது என்றால் அது மேம்பாட்டு நடவடிக்கை. பாதுகாப்போடு தொடர்பில்லாத, தரம் சார்ந்த குறை என்றால் சேவைத் திட்டம். தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் உங்கள் சேசி இலக்கத்தை, அதாவது வாகனத்தின் உலோகத்திலேயே வெட்டியிருக்கும் அடையாள இலக்கத்தைப் போட்டுப் பார்க்கும்போது இந்த மூன்றில் எது வருகிறது என்று பாருங்கள். முதலாவது வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

மீளழைக்கப்பட்டால் கூடாத வாகனமா

வாகனம் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். என் பதில், இல்லை. பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் சிறிய ஜீப்பான ஹொண்டா வெசல் கைபிரிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2014 பெப்ரவரியிலேயே, அதே கியர்பொக்ஸைக் கொண்ட ஹொண்டாவின் பிட் கைபிரிட் காரோடு சேர்த்து, மீளழைக்கப்பட்டது. இரண்டு கிளச்சை வைத்துத் தானாகவே கியர் மாற்றும் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் பிழை. அதே வருடம் எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக இன்னொரு தடவை. ஒக்டோபரில் மறுபடியும், இந்த முறை 4 இலட்சத்துக்கும் அதிகமான வாகனங்கள். பிட் கைபிரிட்டுக்கு அது ஐந்தாவது மீளழைப்பு. நிறுவனத்தின் தலைவரும் உயர் அதிகாரிகளும் தமது சம்பளத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதைப் படித்ததும் வெசலே வேண்டாம் என்று தோன்றலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. மீளழைப்பு வேலைகள் எல்லாம் செய்து முடித்த 2014 வெசல் ஒன்றும், ஒன்றுமே செய்யாத 2014 வெசல் ஒன்றும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒரே விலைக்கும் விற்கப்படலாம். ஆனால் அவை இரண்டு வேறு வாகனங்கள். வாங்குபவர் கேட்க வேண்டியது மீளழைப்பு வந்ததா என்பது அல்ல, வந்ததைச் செய்தார்களா என்பது.

குறையை மறைப்பதால் என்ன நடக்கும் என்பதற்கும் ஜப்பானிலேயே உதாரணம் இருக்கிறது. மிட்சுபிசி நிறுவனம் வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளை வருடக்கணக்காக அரசிடம் இருந்து மறைத்து, வாகனங்களைச் சத்தமில்லாமல் திருத்திவந்தது 2000 ஆம் ஆண்டில் அம்பலமானது. 2002 ஜனவரியில் யோகோகாமா நகரில் அந்த நிறுவனத்தின் பெரிய லொறி ஒன்றில் இருந்து சில்லு கழன்று உருண்டு, நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு தாயைக் கொன்றது. சில்லைத் தாங்கும் பகுதி உடையக்கூடியது என்பது அப்போதும் மூடி மறைக்கப்பட்டிருந்தது. குறையை ஒப்புக்கொண்டு ஆட்களைக் கூப்பிடும் நிறுவனத்தை நான் மதிக்கிறேன்.

ஒரு காற்றுப்பையின் கதை

உலகில் இதுவரை நடந்த மிகப் பெரிய மீளழைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெயிலும் ஈரமும் உள்ள நம்மைப் போன்ற இடங்களைத்தான் அது கூடுதலாகத் தொடுகிறது.

ஸ்டியரிங்குக்குள்ளே மடித்து வைத்திருக்கும் காற்றுப்பை, வாகனம் மோதியதும் கண் இமைப்பதற்குள் விரிந்துவிட வேண்டும். அவ்வளவு வேகமாகக் காற்றடிக்க எந்தப் பம்பாலும் முடியாது. அதனால் உள்ளே ஓர் உலோகக் குடுவையில் எரிபொருள் வில்லைகளை வைத்திருப்பார்கள். மோதலை உணரும் கருவி மின்சாரம் கொடுத்ததும் வில்லைகள் எரிந்து வாயுவாக மாறும். அந்த வாயு பையை நிரப்பும். ஜப்பானின் டக்காட்டா நிறுவனம் இந்த வில்லைகளை அமோனியம் நைத்திரேற்றில் செய்தது. விலை குறைவு, குடுவையும் சிறிதாக இருந்தால் போதும். ஆனால் அந்த உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு.

உர மூட்டையின் வாயைச் சரியாகக் கட்டாமல் மழைக்காலத்தில் கொட்டிலில் வைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேலே கசிந்து, கட்டிபட்டு, வெயில் வந்ததும் வெடித்துப் பொருக்காகும். அந்தக் குடுவைக்குள்ளும் வருடக்கணக்காக அதுதான் நடந்தது. பகலில் வாகனத்தின் உட்புறம் கொதிக்கும், இரவில் குளிரும். ஒவ்வொரு நாளும் வில்லை சற்று விரிந்து சுருங்கும். கொஞ்சம் கொஞ்சமாக அது துளைவிழுந்து நொய்ந்துபோகும்.

நொய்ந்தால் என்ன? அடுப்பில் பாலைமர விறகின் முழுக்கட்டையை வைத்தால் நின்று எரியும். அதே கட்டையைச் சிராய் சிராயாகப் பிளந்து போட்டால் ஒரே மூச்சில் பற்றி எழும்பும். நெருப்புப் பிடிக்கும் பரப்பு கூடிவிட்டது, அவ்வளவுதான். நொய்ந்த வில்லையும் அப்படியே எரியும். குடுவையால் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாது. அது வெடித்து, உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுபவரின் கழுத்துக்கும் முகத்துக்கும் பாயும். உயிர் தப்பியிருக்கக்கூடிய சிறிய மோதல்களிலும் ஆட்கள் இறந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 25 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலேசியாவிலும் உயிர்கள் போயின. ஹொண்டாவின் முதலாவது மீளழைப்பு 2008 இல் வந்தது. பிறகு ரொயோட்டா, நிசான், மஸ்டா, பி.எம்.டபிள்யூ. என்று பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அது பரவியது. அமெரிக்காவில் சுமார் 6 கோடியே 70 இலட்சம் குடுவைகள், உலகெங்கும் சுமார் 10 கோடி. டக்காட்டா 2017 ஜூனில் வங்குரோத்து அடைந்தது.

அமெரிக்க அதிகாரிகள் தமது நாட்டைக் காலநிலைப்படி வலயங்களாகப் பிரித்து, வெப்பமும் ஈரப்பதனும் கூடிய புளோரிடா, ஹவாய், புவேர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். அந்த அளவுகோலை எடுத்து வன்னிக்கு வைத்துப் பாருங்கள். ஆவணி வெயிலில் பரந்தன் சந்தியில் நிறுத்திய வாகனத்துக்குள் ஏறும்போது ஸ்டியரிங்கில் கை வைக்க முடிவதில்லை. கார்த்திகை பிறந்தால் வாரக்கணக்கில் ஈரம். அதனால் 2000 களிலும் 2010 களின் முற்பாதியிலும் செய்த வாகனம் எதை வைத்திருந்தாலும், ஜீப்போ காரோ வானோ, இந்த ஒன்றையாவது கட்டாயம் தேடிப் பாருங்கள். ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: காற்றுப்பையை வீட்டிலோ தெரிந்த கராஜிலோ கழற்றிப் பார்க்க வேண்டாம். அது வெடிபொருள். அந்த வேலையைப் பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டும்.

வேறு இரண்டு மீளழைப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 முதல் ரொயோட்டா, ஹொண்டா உள்ளிட்ட நிறுவனங்கள் டென்சோ என்ற உதிரிப்பாக நிறுவனம் செய்த எரிபொருள் பம்பிக்காக வாகனங்களை மீளழைத்தன. பம்பிக்குள் சுழலும் பிளாஸ்டிக் விசிறி எரிபொருளை உறிஞ்சி வீங்கிவிடுகிறது, சுவரில் உரசி நிற்கிறது, எஞ்சின் அணைகிறது. வீட்டு வாசலில் அணைந்தால் தொல்லை. முறிகண்டிக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் இரவில் பஸ் ஒன்றை முந்தும்போது அணைந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்தது, ஹியுண்டாயும் கியாவும் 2023 செப்டெம்பரில் அமெரிக்காவில் 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களுக்கு அறிவித்தது. டக்சன், ஸ்போர்டேஜ் போன்ற ஜீப்புகளும் அதில் இருந்தன. பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் எண்ணெய் கசிந்து மின்னொழுக்கு ஏற்பட்டு, எஞ்சின் நிறுத்தியிருக்கும்போதுகூடத் தீப்பிடிக்கலாம் என்பதால், திருத்தும் வரை வாகனத்தை வீட்டை விட்டுத் தள்ளி வெளியே நிறுத்தும்படி சொன்னார்கள். கிடுகுக் கொட்டிலுக்குள் வாகனம் விடும் நமக்கு இந்தச் சொல் இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

தெரிந்த குறை என்பது வேறு

எல்லாக் குறைக்கும் மீளழைப்பு வராது. பல வாகனங்களில் திரும்பத் திரும்ப வரும், எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரிந்த, ஆனால் உயிராபத்து என்று யாரும் அறிவிக்காத குறைகள் உண்டு. அவற்றைத் தெரிந்த குறை என்று சொல்லலாம். உலர்ந்த, அதாவது எண்ணெயில் மூழ்காத, இரட்டைக் கிளச் உள்ள வாகனத்தை நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து ஓட்டினால் கிளச் சூடேறுவது இந்த வகை. இவற்றுக்கு இலவசத் திருத்தம் கிடைப்பது அரிது. சில நேரம் தயாரிப்பாளர் உத்தரவாதக் காலத்தை நீட்டிக் கொடுப்பார், அவ்வளவுதான்.

வன்னியின் புழுதி சில குறைகளை விரைவாக வெளியே கொண்டுவருகிறது. கைபிரிட் வாகனங்களில் பெரிய மின்கலத்தைக் குளிர்விக்க ஒரு சிறு விசிறி வாகனத்துக்குள் இருக்கும் காற்றை இழுக்கும். பல மாதிரிகளில் அந்தக் காற்று நுழையும் வாய் பின் இருக்கையின் ஓரத்தில் இருக்கிறது. அதன் மேல் சாக்குப்பையையோ சாரத்தையோ போட்டு மூடிவிடுவார்கள். மூடாவிட்டால் செம்மண் தூசி அந்த வாயில் உள்ள வடியில் (பில்டரில்) அப்பிக்கொள்ளும். காற்றுப் போகாத மின்கலம் சூடேறி ஆயுள் குறைந்துவிடும். கிரவல் வீதியில் தினமும் ஓடுபவர்கள் அந்த வடியை அடிக்கடி கழற்றித் தட்ட வேண்டும். மீளழைப்போடு இதற்குத் தொடர்பு இல்லை, பராமரிப்புத்தான். இரண்டையும் பிரித்தறிந்தால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கடிதம் ஏன் வராது

ஜப்பானில் மீளழைப்பு அறிவித்ததும், வாகனப் பதிவில் இருக்கும் உரிமையாளரின் முகவரிக்குக் கடிதம் போகும். வாகனத்தை ஏற்றுமதி செய்யும்போது அங்குள்ள பதிவை நீக்கி, ஏற்றுமதிச் சான்றிதழ் ஒன்றைக் கொடுப்பார்கள். அந்த நிமிடத்தோடு தயாரிப்பாளரின் பார்வையில் இருந்து வாகனம் மறைந்துவிடுகிறது. வாகனம் கப்பலேறிய பிறகு அறிவிக்கப்படும் மீளழைப்புக்கு எந்த முகவரிக்குக் கடிதம் எழுதுவார்கள்? ஜப்பானிய ஏலத்தில் வாகனத்தைப் பரிசோதித்துப் புள்ளி போட்டுக் கொடுக்கும் ஏலத்தாளை வைத்து வாகனத்தை மதிப்பிடுகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தாள் வாகனத்தின் உடலையும் உள்ளறையையும் ஓடிய தூரத்தையும் பற்றிச் சொல்லும். அதில் நாலரைப் புள்ளி என்ற நல்ல மதிப்பெண் வாங்கிய வாகனத்திலும் மாற்றாத காற்றுப்பைக் குடுவை இருக்கலாம்.

ஆகவே மீளழைப்பு நம்மைத் தேடி வரப்போவதில்லை. நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். அதற்கு வேண்டியது ஒரே ஒரு இலக்கம்.

சேசி இலக்கம் உங்கள் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனாலும் வாகனத்திலேயே ஒரு தடவை பாருங்கள் என்று சொல்வேன். சின்னமாமாவின் ஜீப்பில் அதை இருவருமாகத் தேடினோம். எஞ்சின் மூடியைத் தூக்கி, பின்பக்கத் தகட்டில் செம்மண் படிந்திருந்த இடத்தைப் பழைய சாரத் துண்டை நனைத்துத் துடைத்தார். தொலைபேசி வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தபோதுதான் உலோகத்தில் வெட்டிய எழுத்துகள் நிழல் விழுந்து தெரிந்தன. புத்தகத்தில் மூன்று என்று அச்சாகியிருந்த ஓர் இலக்கம் தகட்டில் எட்டாக இருந்தது. பதிவின்போது யாரோ தவறாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். புத்தகத்தில் இருந்த இலக்கத்தை மட்டும் போட்டுத் தேடியிருந்தால் வேறு யாருடைய வாகனத்தைப் பற்றியோ படித்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று படுத்திருப்போம்.

ஜப்பானுக்குள் விற்க உருவான வாகனங்களில் இந்த இலக்கம் குட்டையாக இருக்கும்: முன்னால் மாதிரிக் குறி, நடுவில் ஒரு கோடு, பிறகு தொடர் எண். பழைய வெசல் கைபிரிட் என்றால் முன்பாதி ஆர்.யூ.3 அல்லது ஆர்.யூ.4 என்று வரும். பெற்றோலில் மட்டும் ஓடுவது என்றால் ஆர்.யூ.1 அல்லது ஆர்.யூ.2. மற்ற நாடுகளுக்காகச் செய்த வாகனங்களில் 17 எழுத்துகளும் எண்களும் சேர்ந்த நீண்ட இலக்கம் இருக்கும். அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ ஆகிய எழுத்துகள் வராது. ஒன்றோடும் பூச்சியத்தோடும் குழம்பக் கூடாது என்பதற்காக விலக்கிவைத்திருக்கிறார்கள். அதனால் வட்டமாகத் தெரிவது எப்போதும் பூச்சியம்தான். இந்தியாவில் செய்த வாகனங்களின் இலக்கம் எம் என்ற எழுத்தில் தொடங்கும்.

ஜப்பானிய இலக்கம் என்றால், அந்தத் தயாரிப்பாளரின் ஜப்பான் நாட்டு இணையத்தளத்துக்குப் போங்கள். மீளழைப்பைத் தேடும் பக்கம் ஒன்று இருக்கும். பக்கம் ஜப்பானிய மொழியில் இருந்தாலும் தொலைபேசியின் மொழிபெயர்ப்பு வசதி போதும். இலக்கத்தைப் போட்டதும் உங்கள் வாகனத்துக்கு உரிய அறிவிப்புகளும், பெரும்பாலும் அவை செய்யப்பட்டுவிட்டனவா என்ற விபரமும் வரும். திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசின் தேடல் பக்கத்தில் நமது ஜப்பானிய இலக்கத்தைப் போட்டால் ஒன்றும் கிடைக்காது. அது அங்கே விற்ற வாகனங்களுக்கானது. பலர் அங்கே தேடிவிட்டு நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். இந்தியத் தயாரிப்பு என்றால் அந்த நிறுவனத்தின் இலங்கை முகவரிடம் இலக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள். இந்திய வாகனங்களுக்கும் மீளழைப்பு வருவதுண்டு: 2023 ஜனவரியில் மாருதி சுசுகி, காற்றுப்பைக் கட்டுப்பாட்டுக் கருவியில் குறை இருக்கலாம் என்று பிரெஸ்ஸா, கிராண்ட் விட்டாரா உள்ளிட்ட 17,362 வாகனங்களைத் தமது நாட்டில் கூப்பிட்டது.

எந்த நாட்டு வாகனம் என்றாலும், அடுத்து அந்த நிறுவனத்தின் இலங்கை முகவரைத் தொடர்புகொள்ள வேண்டும். அவர் விற்காத, வேறு வழியில் வந்த வாகனத்துக்கு இலவசமாகச் செய்வாரா என்பது தயாரிப்பாளரையும் குறையையும் பொறுத்தது. தொலைபேசியில் மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். சேசி இலக்கத்தையும், மீளழைப்பின் பெயரையும், எடுத்துவைத்த படத்தையும் மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்திலேயே பதில் கேளுங்கள். இலவசம் இல்லை என்றாலும், எந்தப் பகுதியை மாற்ற வேண்டும் என்பதாவது உறுதியாகிவிடும். ஊகத்தில் நாலு பகுதியை மாற்றிக் காசைக் கரைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இங்கே நமது மெக்கானிக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சிறு போத்தலில் பெற்றோல் விட்டு எஞ்சினைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்கள் இவர்கள். உதிரிப்பாகம் வராத வருடங்களில் இல்லாததைக் கடைந்து செய்து, பழைய ஒஸ்டின் ஏ40 கார்களை ஓடவிட்டவர்கள். அந்தக் கைத்திறன் மேல் எனக்கு உள்ள மதிப்பு குறையவே குறையாது. ஆனால் மென்பொருளில் உள்ள பிழையைக் காதால் கேட்டுப் பிடிக்க முடியாது. மூடிய குடுவைக்குள் நொய்ந்த வில்லையைக் கண்ணால் காண முடியாது. மீளழைப்பு என்பது, இலட்சக்கணக்கான வாகனங்களைக் கவனித்தவர்களுக்கு மட்டும் தெரியவரும் செய்தி. அந்தச் செய்தியைக் கொண்டுபோய் நம் மெக்கானிக்கின் கையில் கொடுத்தால் அவர் வேலையும் இலகுவாகும்.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்பே சேசி இலக்கத்தைக் கேளுங்கள். தரத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். திறப்பைத் திருப்பியதும் டாஷ்போர்டில் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. ஒரு தடவைகூட எரியாமல் இருந்தால் அதைவிடச் சந்தேகம். கோளாறை மறைக்க விளக்கையே துண்டித்திருக்கலாம். இந்தப் பரிசோதனைக்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

சின்னமாமாவின் பிரேக் கதைக்கு வருகிறேன். மிதி இலகுவாக இறங்குவதற்கு, எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தைப் பயன்படுத்திக் காலின் பலத்தைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்று இருக்கிறது. அதில் சிறு கசிவு இருந்தால், அடுத்தடுத்து மிதிக்கும்போது வெற்றிடம் தீர்ந்து மிதி இறுகும். பட்டையை மாற்றினாலும் எண்ணெயை மாற்றினாலும் அது போகாது. அவருடைய வாகனத்துக்கு வந்த மீளழைப்பு அந்தப் பகுதிக்குத்தான். இப்படி இறுகும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: மிதியை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது, மீதமிருக்கும் வெற்றிடமும் போய்விடும். முழுப் பலத்தோடு ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். இறுகினாலும் பிரேக் வேலை செய்யும். காலுக்குத்தான் கூடுதல் பலம் வேண்டும்.

முகவரோடு மூன்று கிழமை மின்னஞ்சல் போய் வந்தது. பகுதியை அவர்கள் தந்தார்கள், கூலியை மாமா கொடுத்தார். அதிகாலையில் புறப்பட்டுப் போய் அன்று பின்னேரமே வேலையை முடித்துக்கொண்டு திரும்பினோம். வழக்கம்போல முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்தார். ஒரு சுருள் கச்சான் வாங்கினார். நானும் கூட நடந்தேன். ஒவ்வொரு சில்லையும் காலால் தட்டிப் பார்த்தார், அது அவர் அங்கே எப்போதும் செய்வதுதான். பிறகு ஏறி உட்கார்ந்து, எஞ்சினைத் தொடக்கிவிட்டு, வாகனத்தை எடுக்காமல் பிரேக்கை ஆறு தடவை மிதித்தார். ஆறு தடவையும் கால் இறங்கியது.

நேற்றிரவு அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் பக்கத்து வீட்டுக்காரரின் வான். மூடியைத் தூக்கி, தகட்டைத் துடைத்து, வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்து எடுத்திருக்கிறார். கீழே, "தம்பி, இதையும் ஒருக்கால் பார்" என்று எழுதியிருந்தார்.